“கூட்டிட்டுப் போங்க” என்றீர்களே!

“இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.” அம்மாவின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஐந்து வாரம் கரண்ட் வைத்தும் அது மறுபடி தலைதூக்கிய அன்று, டாக்டர் சொன்ன வார்த்தை இது. கையில் ஒரு சீட்டு, அதில் சாதாரண வலி மாத்திரை. அதை நம்பிக் கூட்டிக்கொண்டு வந்தோமே, பாவிகள் நாங்கள்!

அம்மா அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தாள். அதை இருப்பு என்றா சொல்வது? இடுப்பும் தொடையும் பிளக்கிற வலியில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். வாடை அதைவிடக் கொடுமை. பழைய நூல்சேலையைக் கிழித்து மடித்து வைப்பேன், அரைமணியில் நனைந்துவிடும். பார்க்க வந்த அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்தியதை அம்மா பார்த்துவிட்டாள். அன்று ராத்திரி, “என்னைய மாட்டுக்கொட்டாயில போட்டுரு தாயி” என்றாள். தலைக்கு ஒரு முழம் மல்லி வைக்காமல் வாசல் தாண்டாதவள்!

காரியம் முடிந்த பிறகு, எதிர்வீட்டுத் தாத்தாவைப் பார்க்க வந்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் போடுவார்களாம். என் பிள்ளைக்கு வயிற்றுப்போக்குக்கு வாங்கிய அதே மாத்திரை! மிச்சம் நாலு, அம்மா படுத்திருந்த இடத்துக்குப் பத்தடியில், அலமாரியில் கிடந்தது. ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா?

வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. புற்றுநோய் வலியைப் படிப்படியாக அடக்கும் வழியை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே எழுதி வைத்துவிட்டது. மார்ஃபினுக்கு மூலமான அபினி, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்தீர்கள் என்றால், 2014-இல் அதைத் திருத்தி, பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றாகிவிட்டதே! நம் தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கு வருகிறதே! எங்கள் சீட்டில் அந்த ஒரு வரியை எழுத எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

புற்று தீரவில்லை என்று உங்களை நான் சபிக்கவில்லை. செய்ய இத்தனை இருந்தும் ஒன்றுமில்லை என்றீர்களே, அதில்தான் என் வயிறு எரிகிறது. நாளைக்கும் ஒரு மகள் உங்கள் எதிரே வந்து நிற்பாள். அவள் கையில் மருந்தைக் கொடுங்கள், வீட்டுக்கு வரும் நர்ஸின் நம்பரைக் கொடுங்கள். வெறுங்கையோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

அந்த நாலு மாத்திரையை நான் இன்னும் எறியவில்லை.