பாட்டியின் வடையைக் காணோம்

அந்தச் சுற்றறிக்கை இந்த வாரம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். எந்தப் பள்ளி என்று இங்கே சொல்லப்போவதில்லை. நாளைக்கு இன்னொரு பள்ளியும் இதையே அனுப்பும். சின்னப் பிள்ளைகளுக்குப் பேய், அரக்கன், சாவு, ஏமாற்று வரும் பழங்கதைகளைப் பெற்றோர் சொல்ல வேண்டாமாம். பதிலுக்குச் சொல்ல, 'திருத்திய கதைகள்' என்று நாலைந்தை இணைத்தும் இருக்கிறார்கள். முதல் கதையே பாட்டி வடை சுட்ட கதை.

இரண்டு தடவை படித்தேன். காகம் வடையோடு மரத்தில் உட்காருகிறது. நரி வருகிறது. பாடச் சொல்லவில்லை, எனக்கும் பசிக்கிறது, கொஞ்சம் தருவாயா என்று கேட்கிறது. காகம் பாதியைப் பிய்த்துக் கொடுக்கிறது. இருவரும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். காகத்துக்கு ஏது கை என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்டவருக்கும் தோன்றவில்லை.

கை கிடக்கட்டும். பாட்டி எங்கே?

உளுந்தை ஊறப்போட்டு, ஆட்டி, அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, அவள் முதல் வரியோடு காணாமல் போய்விட்டாள். உளுந்து விற்கிற விலையில் ஒரு வடை போனால் அவளுக்கு என்ன மிஞ்சும்? பழைய கதையில் காகம் திருடியது. திருடியதை நரி தட்டிக்கொண்டு போனது. கேட்கிற பிள்ளைக்கு ஏதோ ஒரு கணக்கு நேரானது போலிருக்கும். திருத்திய கதையில் திருட்டு அப்படியே இருக்கிறது. திருடிய பொருளைச் சண்டை போடாமல் பங்கு வைத்துக்கொண்டால் சமர்த்துப் பிள்ளை என்று மட்டும் மாறியிருக்கிறது. இதை எல்கேஜியில் சொல்லித்தர வேண்டியதில்லை ஐயா. வளர்ந்து டெண்டர் எடுக்கும்போது தானாகக் கற்றுக்கொள்வார்கள்.

நீங்கள் எந்தப் பிள்ளையிடமும் பழைய கதையைச் சொல்லிப் பாருங்கள். நரி ஓடியதும், "அப்ப பாட்டிக்கு வடை?" என்று கேட்கும். கதையில் அதற்குப் பதில் கிடையாது. சொல்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் அப்பத்தா, "அவ இன்னொரு ஈடு போட்டா" என்று முடித்துவிடுவாள். எதிர்வீட்டுக் கிழவியைக் கேட்டால், பாட்டி கரண்டியோடு நரியைத் துரத்திப் போனாள், இன்னும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறாள் என்பாள். நாங்கள் எதிர்வீட்டுப் பாட்டியின் கட்சி. வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடிய கெட்டிக்காரக் காகத்தின் கதையும் இப்படி யாரோ ஒரு திண்ணையில் பிறந்ததாகத்தான் இருக்கும். அதற்குச் சுற்றறிக்கை தேவைப்படவில்லை.

பழங்கதையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிரிம் சகோதரர்களே வைத்திருக்கிறார்கள். 1812-ல் வந்த அவர்களுடைய முதல் தொகுதியில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்லி ஆளனுப்புகிறவள் பெற்ற தாய். 1819-ல் அடுத்த பதிப்பு வந்தபோது அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ஹான்சல், கிரெட்டல் கதையிலும் பிறகு இதே மாற்றம்தான். ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, ஸ்னோ ஒயிட் கதையின் ராணியைச் சாகும்வரை ஆடவைத்த கட்டத்தில் கை வைக்கவில்லை. கொடுமை இருக்கலாம், அதைப் பெற்றவள் செய்ததாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. தாய்மார்களின் மானம் தப்பித்தது. பழி மொத்தமும் சித்திகளின் தலையில் விழுந்து 200 வருடமாக இறங்கவே இல்லை. திருத்துகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹான்சல், கிரெட்டலைப் பெற்றவர்கள் ஏன் காட்டில் விட்டார்கள்? பஞ்சம். வீட்டில் ரொட்டி இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நல்லதங்காள் ஞாபகம் வந்துவிடுகிறது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் இன்றைக்கும் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, அண்ணி மூளி அலங்காரி ஈர விறகும் பச்சை வாழைக்காயும் கொடுத்து அவமானப்படுத்துகிறாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள் நல்லதங்காள். அப்பத்தா இதை எனக்குச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. அழுதேன். அடுத்த வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தை ஆசையாகச் செய்து போட்ட வாழைக்காய்ப் பொரியலைத் தொட மாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். காரணம் தெரியாமல் அத்தை பாவம், வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

நாலு வயதுப் பிள்ளைக்கு நல்லதங்காளைச் சொல்லலாமா என்றால், வேண்டாம். அப்பத்தாவும் ஒன்பது வயதுவரை காத்திருந்தாளே! ஆனால் அந்தக் கதை கேட்டதால்தான், பஞ்சம் என்றால் என்ன, மானம் என்றால் என்ன, உறவு வீட்டுத் திண்ணையில் நிற்பது என்றால் என்ன என்று எனக்கு முதன்முதலில் உறைத்தது. எந்தப் பாடப்புத்தகமும் அதை அப்படிச் சொல்லவில்லை. புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் 1976-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பயத்தைப் பிள்ளையின் மனசுக்குள் கதை கொண்டுபோய் வைப்பதில்லை, ஏற்கெனவே இருக்கிற பயத்துக்கு ஒரு முகம் கொடுக்கிறது என்பது அவர் வாதம். அவர் எல்லாப் பூட்டுக்கும் பிராய்டின் சாவியையே போட்டுப் பார்ப்பவர். பாதி எனக்கு ஒத்துவராது. இந்த ஒரு விஷயத்தில் அவரும் அப்பத்தாவும் ஒரே கட்சி.

நானும் சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். அரக்கன் என்றால் கறுப்பாகத்தான் இருக்க வேண்டுமா? என் அரக்கனுக்கு நிறமே இல்லை. சாதிப் பெயரைச் சொல்லிச் சிரிக்கவைக்கும் கதைகளை எங்கள் தலைமுறையோடு நிறுத்தியாயிற்று. பாதி ராஜ்யத்தோடு இளவரசியையும் தூக்கிக் கொடுக்கிற இடத்தில் ஒருநாள் என் பேத்தி, "அவளுக்கு அவனைப் புடிச்சிருக்கா தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து அந்த இடம் வந்தால் இளவரசியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கதையை மறுநாளைக்குத் தள்ளிவைக்கிறேன். மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாற்றுவது வேறு. குளிரூட்டிய அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஊரிலிருக்கும் அத்தனை பிள்ளைக்கும் ஒரே வடையைப் பாதியாகப் பிய்ப்பது வேறு.

"எங்களுக்குக் கதையே தெரியாதே சார்" என்று இளம் தாய்மார்கள் எழுதுகிறார்கள். நியாயம்தான். பாட்டி ஊரில் இருக்கிறாள், அல்லது பாட்டியும் சீரியல் பார்க்கிறாள். அப்படியானால் நூலகத்துக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இதே பக்கத்தில் நூலகத்தைப் பற்றி எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எங்கள் உதவி ஆசிரியர் கணக்கு வைத்திருக்கிறார், வைத்திருக்கட்டும்.

எஸ்.ஆர். ரங்கநாதன் முன்னின்று உழைத்து, 1948-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது பொது நூலகச் சட்டம். அதன் பேரில் உங்கள் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். வாங்கிய வரியை நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்காமல் உள்ளாட்சிகள் பாக்கி வைத்த செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது! சென்னை கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் இருக்கும் நூற்றாண்டு நூலகங்களில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, சந்தோஷம், பாராட்டுகிறேன். ஆனால் எல்கேஜி பிள்ளை கோட்டூர்புரத்துக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போகாது. அதற்குத் தெருமுனையில் வேண்டும்.

போன மாதம் ஒரு கிளை நூலகத்துக்குப் பேத்தியைக் கூட்டிப்போனேன். குழந்தைகள் பிரிவு என்பது ஒரு பீரோ. கண்ணாடி வழியாக கி.ரா. திரட்டிய நாட்டுப்புறக் கதைகளின் முதுகு தெரிந்தது. பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். அவர் எப்போது வருவார் என்று கேட்டேன். இருந்தவரைக் குறை சொல்ல முடியாது. தினக்கூலி போலிருக்கிறது, அவருக்கும் தெரியவில்லை. பேத்தி கண்ணாடியில் மூக்கை அழுத்தி ஒரு பூதத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும்வரை அந்தப் பூதம் எப்படி வெளியே வரும் என்றுதான் பேச்சு.

சுற்றறிக்கை எழுதியவர்கள் அந்தப் பீரோவுக்கு ஒரு மாற்றுச் சாவிக்காக எழுதியிருந்தால் இந்த வாரத் தலையங்கத்தை நான் வேறு விஷயத்துக்கு ஒதுக்கியிருப்பேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பத்தா, அம்மாச்சி, ஆத்தா சொன்ன கதைகளை எழுதி அனுப்புங்கள். பேய் வரலாம், அரக்கன் வரலாம், நரி ஏமாற்றலாம். இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்துவோம். வடை கதையை அனுப்புகிறவர்கள், பாட்டிக்கு என்ன ஆயிற்று என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.