காகிதமும் ஊசியும்

புத்தகத்துக்குப் பெயர் வைப்பதில் எத்தனையோ விதம் உண்டு. ஆனால் பெயரையே கூட்டல் கணக்காகப் போட்டவர் கவிஞர் மீரா ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்' என்பது அந்த நூலின் பெயர். வெளிவந்த ஆண்டு 1971. காதலைப் பற்றிய புத்தகத்துக்கு இப்படி ஒரு கணக்கா என்று சிரிப்பு வருகிறதல்லவா? கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது காகிதம்தான் என்று ஆசிரியரே முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறார். பிறகு படிக்கிறவர் மனத்தைக் கொள்ளை கொள்கிறார்!

மீரா என்றதும் பெண்மணி என்று எண்ணிவிட வேண்டாம். மீ. ராசேந்திரன் என்ற பெயரின் சுருக்கம்தான் அது. 1938-ல் பிறந்து 2002-ல் மறைந்த அவர் சிவகங்கைக்காரர். அவ்வூர்க் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 'அன்னம்' என்ற பதிப்பகத்தை நடத்திப் பிறருடைய நூல்களையும் அழகாக அச்சிட்டு வெளியிட்டார்.

முதலில் சொன்ன நூல் வசன கவிதையில் ஆனது. ஒருத்தி பார்க்கிறாள், போய்விடுகிறாள். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு ஒருவன் படுகிற பாடுதான் விஷயம். எதுகை மோனைக்காகத் திண்டாடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போல எழுதியிருக்கிறார். இளைஞர்கள் விரும்பிப் படித்ததில் ஆச்சரியமில்லை.

இந்த மனிதர் இனி ஆயுள் முழுதும் நிலவையும் விழியையும் பாடிக்கொண்டிருப்பார் என்று யாராவது நினைத்திருந்தால், ஏமாந்துதான் போயிருப்பார்கள். 1974-ல் வந்தது 'ஊசிகள்'. பெயருக்கேற்பக் குத்துகிற கவிதைகள். சட்டை மாற்றுவது போலக் கட்சி மாற்றுகிற சட்டசபை உறுப்பினரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பிற்காலத்தில் 'குக்கூ' என்ற தொகுப்பில் இன்னும் சின்னச் சின்னக் கவிதைகளாக எழுதினார்.

காதல் ஒரு பக்கம், கேலி ஒரு பக்கம். இரண்டும் ஒரே கையா என்று கேட்கிறீர்களா? இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு.

குறுந்தொகையில் புகழ்பெற்ற பாட்டு ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத இருவர், உறவோ ஊரோ விசாரிக்காமல், செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் போல ஒன்றாகிவிட்டார்கள் என்பது அதன் கருத்து. மீரா அதைத் தலைகீழாகத் திருப்பினார். அவருடைய காதலன் ஊர் ஒன்றா, மதம் ஒன்றா, ஜாதி ஒன்றா, சொந்தபந்தம் சரியாக இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொள்கிறான். எல்லாம் பொருந்திய பிறகு, 'ஆகையால் நம் நெஞ்சங்கள் கலந்தன' என்ற தோரணையில் முடிக்கிறான்! படித்ததும் குபீரென்று சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும், 'நம் வீட்டுக் கதையல்லவா இது!' என்று சுருக்கென்கிறது.

வலையபட்டி முதலான செட்டிநாட்டு ஊர்களில் வரன் பேச்சு எடுத்தால் 'எந்தக் கோயில்?' என்பது முதலில் வருகிற கேள்வி. நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாகப் பங்காளிகள் முறை ஆகிறபடியால், பெண் கொடுத்து எடுப்பதில்லை. மற்ற ஊர்களிலும் வகுப்புகளிலும் கேள்விகள் வேறாக இருக்கலாம்; கேள்வி கேட்காத வீடு அபூர்வம். பெரியவர்கள் விசாரிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பெண்ணின் மனத்துக்கும் ஒரு வரி ஒதுக்கினோமா? ஊசி குத்துகிற இடம் அதுதான்.

காதலை உயர்வாக நினைத்த கவிஞருக்குத்தான், கணக்குப் பார்த்து வருகிற காதலைக் கண்டு அத்தனை கேலி பொங்க முடியும்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் மகளின் தலையணைக்கு அடியில் 'காகிதங்கள்' அகப்பட்டால் கோபித்துக் கொள்ளாதீர்கள். 'ஊசிகள்' ஒரு பிரதி தேடிப்பிடித்து நீங்கள் படியுங்கள். பிறகு இரண்டு பேரும் புத்தகங்களை மாற்றிக்கொள்ளுங்கள். வரன் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வேளை கிடையாது.