கலைக்கூடத்து உண்டியல்: நாம் ஏன் வாசலோடு திரும்புகிறோம்?

ஜார்ஜ்டவுன் – தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடிப்பவர் யாரும் “இது எவ்வளவு?” என்று கேட்பதில்லை. யாரோ ஒருவர் பணம் போட்டிருக்கிறார், யாரோ ஒருவர் இரவு முழுக்க விழித்து வேலை செய்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். முடிந்தவர் அடுத்த ஆண்டு ஒரு மூட்டை சீனி வாங்கிக் கொடுக்கிறார். முடியாதவர் கும்பிட்டுவிட்டுப் போகிறார். இரண்டு பேருக்கும் மரியாதை ஒன்றுதான்.

அதே குடும்பம் பள்ளி விடுமுறையில் நிபோங் திபாலிலிருந்தோ கூலிமிலிருந்தோ லிட்டில் இந்தியாவுக்கு வருகிறது. குயின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டு, சாப்பிட்டு, பிள்ளைகளின் ஆசைக்காக லெபோ ஆர்மேனியன் பக்கம் நடக்கிறது. சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளின் ஓவியம் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த தெருவில் ஒரு கடைவீட்டில் சிறு கலைக்கூடம் ஒன்று திறந்திருக்கிறது. கட்டணச் சீட்டு இல்லை. கதவோரம் ஒரு பெட்டி, மனம்போல் போடலாம் என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை. அங்கேதான் கால் நிற்கிறது. எவ்வளவு போடுவது? போடாவிட்டால் ஏதாவது நினைப்பார்களா? பிள்ளைகள் எதையாவது தொட்டுவிட்டால்? பதில் தெரியாததால் பலர் அப்படியே நடையைக் கட்டிவிடுகிறார்கள்.

நன்கொடைப் பெட்டியை மட்டும் நம்பி நடக்கும் சிறு கலைக்கூடங்களின் பிரச்சினை இந்த வாசற்படியில்தான் தொடங்குகிறது. வருகையாளருக்கும் அங்கேதான் சிக்கல்.

கட்டணம் இல்லை, செலவு உண்டு

ஜார்ஜ்டவுனில் கடைவீட்டை வைத்துக் கலைக்கூடம் நடத்துவது எளிதான காரியமல்ல. பழைய கட்டடங்களின் வாடகையைப் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தி வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாடகையைச் சந்தையே முடிவு செய்கிறது. 2008 ஜூலையில் மலாக்காவோடு ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் பழைய கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

2012இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த சுவரோவியங்கள் நகரின் முகத்தையே மாற்றின. கூட்டம் பெருகியது. ஆனால் கலை என்றால் தெருவில் சும்மா கிடைப்பது, படம் எடுத்துவிட்டு நகர்வது என்ற பழக்கமும் அதனோடு வந்தது. தெருச்சுவரின் முன்னால் வரிசையில் நிற்பவர்கள் பக்கத்துக் கதவுக்குள் நுழைவதில்லை.

ஜாலான் குர்டுவாராவில் பழைய பேருந்துப் பணிமனையாக இருந்து, 2014இல் கலை வளாகமாகத் திறக்கப்பட்ட ஹின் பஸ் டிப்போவில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே கடைகள் உண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை உண்டு. சந்தைக்கு வந்தவர் ஓவியத்தையும் எட்டிப் பார்க்கிறார். ஒற்றை அறையும் ஒரு பெட்டியும் மட்டும் உள்ள கலைக்கூடத்துக்கு அந்தத் துணை இல்லை.

சீட்டு விற்றால் என்ன?

‘தலைக்கு இவ்வளவு என்று சீட்டு விற்றுவிட்டுப் போகலாமே’ என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்றால் நாளுக்குச் சுமார் 65 வெள்ளி. தலைக்கு 20 வெள்ளி என்று வைத்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு 100 வெள்ளி. ஓவியம் பார்க்க ஒன்றரை நாள் கூலியை யார் கொடுப்பார்? சீட்டு வந்துவிட்டால் முதலில் வெளியே நிற்கப்போவது நம் பிள்ளைகள்தான்.

ஆனால் பெட்டியை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சுமார் ஐம்பது ஆண்டுகள் விருப்பம்போல் கொடுக்கும் முறையை வைத்திருந்தது. 2004இல் அங்கு வந்தவர்களில் 63 விழுக்காட்டினர் பரிந்துரைத்த தொகையை முழுதாகக் கொடுத்தார்கள். பின்னர் அது 17 விழுக்காடாகச் சரிந்தது என்று நிர்வாகம் சொன்னது. 2018 மார்ச்சில் வெளி மாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் 25 டாலர் கட்டணம் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் கடைவீட்டுக் கலைக்கூடம் எத்தனை மாதம் தாங்கும்?

அன்னலட்சுமி சொல்லும் பாடம்

இந்த முறை நமக்குப் புதிதல்ல. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் மலேசியாவில் தொடங்கி வைத்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பினாங்கில் பாபிங்டன் அவென்யூவிலும் இயங்குகிறது. அதன் குடும்பத்தில் பிறந்த அன்னலட்சுமி உணவகம், வயிறாரச் சாப்பிட்டு மனம்போல் கொடுக்கும் முறையால் சிங்கப்பூரிலும் பெர்த்திலும் பெயர் வாங்கியது. அங்கே தொண்டர்கள் வேலை செய்கிறார்கள். கொடுக்கும் பணம் பரதத்துக்கும் இசைக்கும் போகிறது என்பது சாப்பிடுபவருக்குத் தெரியும். தெரிவதால் கை தாராளமாகிறது.

கோயில் உண்டியலும் அப்படித்தான். கூரை மாற்ற, அன்னதானம் போட என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். கலைக்கூடத்துப் பெட்டியோ ஒன்றும் சொல்வதில்லை. உள்ளே விழும் ஐந்து வெள்ளி வாடகைக்குப் போகிறதா, ஓவியருக்குப் போகிறதா, விளக்குக்குப் போகிறதா என்று வருபவருக்குத் தெரியாது.

பெட்டி எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். நியூசிலாந்தில் ஒரு கலைக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டியை வைத்து ஆய்வாளர்கள் இருவர் சோதித்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பெட்டி காலியாக இருந்த நாள்களைவிட உள்ளே ஏற்கெனவே பணம் கிடந்த நாள்களில் அதிகம் சேர்ந்தது. சில்லறை கிடந்தால் சில்லறை விழுந்தது, நோட்டு கிடந்தால் நோட்டு விழுந்தது. எவ்வளவு போடுவது என்று தெரியாதவர், முன்னால் வந்தவர் என்ன போட்டார் என்று பார்த்துத்தான் கையை நீட்டுகிறார். கஞ்சத்தனம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி கூச்சம்தான்.

நம் படம் எங்கே?

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேசாமல் விட முடியாது. உள்ளே போனாலும் நம்மைப் பற்றிய படம் குறைவு. சீனர் கடைவீடு, கிளான் ஜெட்டி, மலாய்க் கம்பம், காப்பிக் கடை எல்லாம் அடிக்கடி சுவரில் தொங்கும். பால் வாளியும் லயத்து வீடும் அரிது.

நம்மில் ஓவியர்கள் இல்லாமல் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் 1943இல் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன், சென்னைக்குப் போய் ஓவியம் கற்றுத் திரும்பி, ராமாயணக் காட்சிகளைப் பெரிய திரைகளில் தீட்டினார். நாட்டின் முக்கிய ஓவியர்களில் ஒருவராக இன்று அறியப்படுகிறார். அனுரேந்திர ஜெகதேவா மலேசிய இந்தியர் வாழ்க்கையைத் தொடர்ந்து வரைந்துவருகிறார். இந்தப் பெயர்களை நம் வீட்டில் எத்தனை பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்?

கலைக்கூடம் நடத்துபவர் யார் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த கண்காட்சியை யோசிப்பார். நாம் போகாததால் நம் படம் வருவதில்லை, நம் படம் இல்லாததால் நாம் போவதில்லை. இதை யாராவது ஒரு பக்கத்திலிருந்து உடைக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் செய்ய வேண்டியது

கலைக்கூடங்கள் முதலில் அட்டையை மாற்றலாம். மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதலாம். ‘குடும்பத்துக்கு ஐந்து வெள்ளி போதும், இல்லாவிட்டாலும் உள்ளே வாருங்கள்’ என்று ஒரு வரி போட்டால் பாதித் தயக்கம் தீரும். இந்த மாத வாடகை எவ்வளவு, இதுவரை சேர்ந்தது எவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதினால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும். வாசலில் ஒருவர் “வாங்க” என்று சொன்னால் அதைவிட நல்லது.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு சுற்றுலாவில் ஒரு மணி நேரம் கலைக்கூடத்துக்கு ஒதுக்க பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முன்வரலாம். பத்து வயதில் ஒருமுறை உள்ளே போன பிள்ளை முப்பது வயதில் வாசலில் நின்று தயங்காது.

பெட்டிப் பணத்தால் மட்டும் ஒரு கலைக்கூடம் பிழைக்காது. மாநில அரசுக்கும் நகராண்மைக்கும் பொறுப்பு உண்டு. அதைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் உள்ளே போய் நாலு படம் பார்த்து, கையிலிருப்பதில் இரண்டு வெள்ளி போட்டு, அங்கே இருப்பவரிடம் “எங்கள் தோட்டத்துப் படம் ஏதும் இருக்கிறதா?” என்று கேட்பவருடைய குரல் கொஞ்சம் கூடுதலாகவே எடுபடும்.