அதிர்வை இறுக்கிப் பிணித்தல் தீர்வாகாது

ஊர்தித் தொழில் செழித்துள்ள ஒரகடத்திலாயினும் சிறு பட்டறையிலாயினும், பொறி அதிர்ந்தால் அதனைத் தரையோடு இறுகப் பிணித்தாற் போதும் எனும் எண்ணம் வேரோடியுள்ளது. இஃது அதிர்வை அடக்குவதன்று; தரைக்கும் சுவருக்கும் அருகில் நிற்கும் தொழிலாளியின் உடலுக்கும் கடத்துவதே ஆகும்.

ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளின் சிறு விசையும் பேரசைவாகும். அவ்வாறே, திணிக்கப்படும் அதிர்வெண் பொறியமைப்பின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒன்றுங்கால் ஒத்ததிர்வு விளையும். இரண்டையும் விலக்கி வைத்தலே முறை.

மணித்துளிக்கு 1500 சுற்றுச் சுழலும் பொறி நொடிக்கு 25 முறை அதிர்கின்றது. அதன் எடையால் 10 மி.மீ. அமுங்கும் சுருள்வில்லின்மேல் அதனை அமர்த்தினால், இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 5 ஆகும். தரைக்குச் செல்லும் விசை 24-இல் ஒரு பங்காய்க் குறையும். மாறாக, மலிவு கருதி விறைப்பான திண்டினை இட்டு, திணிப்பு அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணின் 1.41 மடங்கிற்குக் கீழே வருமாயின், தாங்கியே விசையைப் பெருக்கிவிடும்!

கையிற் பிடிக்கும் கருவிக்கும் இம்முறை வேண்டும். அதிரும் கருவியைப் பல்லாண்டு பற்றிய விரல்கள் குருதியோட்டங் குன்றி வெளுத்து மரத்துப்போகும். பிரித்தானியா 1985-இல் இதனைத் தொழில்நோயாக ஏற்றது.

ஊர்தி ஆய்வு நடுவங்களில் ஊர்திகளின் இரைச்சலையும் அதிர்வையும் அளக்கின்றனர். நன்று. ஊர்தியில் அமர்வோர்க்குக் காட்டும் அவ்வக்கறை, ஊர்தியைச் செய்யும் கைகளுக்கு வேண்டாவோ? தொழிற்சாலை நடத்துவோர் தாங்கிகளைக் கணக்கிட்டு இடுக. அவற்றை மாற்றும் தொழிலாளிக்கு அக்கணக்கை விளக்குக. அதிர்வு நிற்க வேண்டிய இடம் பொறியின் அடியே. மாந்தனின் என்பும் நரம்பும் அல்ல.