சர்டிபிகேட்டை அடகு கேட்கும் இன்டர்வியூ

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணு நிறுவனத்தின் மாடிப்படி. ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள் என்று எட்டரைக்கே வந்து, படிக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்கள் இசிஇ முடித்த பிள்ளைகள். விருதுநகரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த ஒரு தம்பியை உள்ளே கூப்பிட்டபோது மணி மூன்றரை. சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், அரியர் உண்டா, ஓம் விதியைச் சொல், இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போடுவாயா, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்து வைப்பாயா? ஏழே நிமிடம். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். இன்றுவரை அனுப்பவில்லை.

அந்த மேஜையோரம் பழுதான பவர் சப்ளை போர்டு ஒன்று கிடந்ததாம். அதில் ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்ததைத் தம்பி உட்கார்ந்ததுமே பார்த்துவிட்டார். "அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் சார்" என்றார் நம்மிடம். மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, "இது ஏன் ஓடவில்லை, பார்" என்றிருந்தால் அதே ஏழு நிமிடத்தில் ஆளின் தரம் தெரிந்திருக்கும். ஆனால் அப்படிக் கேட்க, கேட்பவருக்கும் கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டுமே!

இந்த லட்சணத்தில், "பையன்களுக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியவில்லை" என்று மேடைதோறும் அங்கலாய்ப்பு வேறு. கல்லூரிகள் யோக்கியம் என்று நாம் சொல்லவில்லை. ரெக்கார்டு நோட்டு எழுதவைத்தே நான்கு வருடத்தை ஓட்டும் லேப்கள் உண்டு. ஆனால் பிரெட்போர்டைக் கண்ணிலேயே காட்டாமல் ஆளெடுப்பவர்களுக்கு அதைச் சொல்ல வாய் ஏது?

சர்டிபிகேட் விவகாரம் இதைவிடக் கேவலம். பயிற்சி முடிந்ததும் ஓடிவிடுகிறார்கள் என்பது முதலாளிகளின் சமாதானம். ஓடியதால் நஷ்டமென்றால் கோர்ட்டுக்குப் போகட்டும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. பிள்ளையின் பட்டத்தைப் பீரோவில் பூட்டிவைக்க இவர்கள் என்ன அடகுக் கடையா நடத்துகிறார்கள்?

பயிற்சிக்கு டெபாசிட் கட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. 1973 திருத்தத்தில் பட்டதாரிகளும் அதற்குள் வந்தார்கள். பழகுநருக்கு நிறுவனம்தான் மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும் என்கிறது அது. இவர்களோ தலைகீழாகக் கை நீட்டுகிறார்கள். பெண்களிடம் "கல்யாணம் எப்போது?" என்று கேட்பதும் நிற்கவில்லை. ஆளெடுப்பில் பெண்ணென்று பாகுபாடு காட்டக் கூடாதென 1976-லேயே சம ஊதியச் சட்டம் சொல்லியாயிற்று.

சம்பளம் எவ்வளவு, பாண்ட் உண்டா என்பதை விளம்பரத்திலேயே போடுங்கள். துறை தெரிந்த ஒருவரையாவது அந்த அறையில் உட்கார வையுங்கள். வேலை இல்லையென்றால் இல்லை என்று ஒரு வாரத்துக்குள் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதற்குக் காசு கூடப் பெரிதாக ஆகாது.

ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் காட்டிப் பெருமை பேசும் அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. தொழிலாளர் துறை அதிகாரிகள் இந்த நிறுவனங்களுக்குள் நுழைந்து பீரோக்களைத் திறக்கச் சொல்லட்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஒரிஜினலும் உரியவர் கைக்கு உடனே போய்ச் சேர வேண்டும்.