மலை அப்பாயிண்ட்மெண்ட் தருவதில்லை

பதினான்கு நாளில் ஒன்பது நாடுகள். பஸ்ஸில் நாற்பது பேர், கூடவே ஒரு சமையல்காரர். காலை 6 மணிக்கு எழுப்பும் போன், 7 மணிக்கு உப்புமா, 8 மணிக்கு பஸ். ஓய்வுபெற்ற தம்பதியரின் முதல் ஐரோப்பியப் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. ஊர் திரும்பிப் படங்களைப் புரட்டும்போது, எந்த ஏரி எந்த நாட்டில் இருந்தது என்று கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் வரும்.

இந்த மாதிரி பயணங்களைக் கிண்டல் செய்வது சுலபம். விசா, சாப்பாடு, பாஷை என்று எல்லாக் கவலையையும் வேறொருவர் தலையில் போட்டுவிட முடிவது 65 வயதில் சின்ன விஷயமல்ல. ஆனால் மலையையும் ஏரியையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு நாடே அதிகம்.

சுவிட்சர்லாந்தையே எடுத்துக்கொள்ளலாம். ராஜ் கபூரின் ‘சங்கம்’ (1964) காலத்திலிருந்து இந்தியர்கள் திரையில் பார்த்துப் பழகிய நாடு. லூசர்னில் நான்கு இரவு, லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஐந்து, கிழக்கே கூர் நகரில் நான்கு, கடைசி இரவு சூரிக் விமான நிலையத்தின் பக்கம். மூன்றே முறைதான் பெட்டி கட்ட வேண்டும். அதையும் ரயில் நிலையத்தில் கட்டணம் செலுத்தி ஒப்படைத்தால் அடுத்த ஊர் நிலையத்தில் பெற்றுக்கொள்ளலாம். கைக்கு வர ஓரிரு நாளாகும் என்பதால் மாத்திரையும் மாற்றுத் துணியும் தோள் பையில் இருக்கட்டும்.

ஒரே ஊரில் ஐந்து இரவு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேகத்துக்காக. யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ் பயணத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கியது செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைதான். அன்று சிகரம் மூடிக் கிடந்தால், கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போலத்தான் தெரியும். டிக்கெட் பணம் திரும்பாது. பக்கத்திலேயே தங்கியிருப்பவர் காலையில் எழுந்து, சிகரங்களில் வைத்திருக்கும் கேமராக்களின் நேரடிக் காட்சியைப் போனில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மேகமென்றால் இன்னொரு காபி.

உயரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1912-ல் முடிந்த யுங்ஃப்ராவ் ரயில் பாதைக்குத் துணையாக 2020 டிசம்பரில் ஈகர் எக்ஸ்பிரஸ் என்ற கேபிள் கார் வந்தது. சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரிண்டல்வால்டிலிருந்து இப்போது முக்கால் மணி நேரத்தில் மேலே போய்விடலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மும்பையிலும் சென்னையிலும் கடற்கரை வாக்கிங் போகிறவரின் இதயத்துக்கு இது திடீர்ச் சோதனை. ஸ்டென்ட் வைத்தவர்கள் டாக்டரிடம் ‘வெளிநாடு போகலாமா’ என்று கேட்டால் போதாது. இந்த உயரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வேண்டாம் என்று டாக்டர் சொன்னாலும் குடி முழுகிவிடாது. கார்கள் போகாத வெங்கன் கிராமத்திலிருந்து கேபிள் காரில் மென்லிஹன் ஏறி, அங்கிருந்து கிளைனே ஷைடெக் நிலையம் வரை நடக்கலாம். சுமார் நாலரை கிலோமீட்டர், லேசான இறக்கம். ஈகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் வழிநெடுக எதிரே நிற்கும். திரும்ப ரயில் இருக்கிறது. சிகரத்துக்குள் நின்று பார்ப்பதைவிட இதுவே நல்ல காட்சி. செலவும் குறைவு.

எந்த மாதம்? மே மாதம் என்று பழக்கத்தில் சொல்லிவிடுவோர் அதிகம். அது பேரக் குழந்தைகளின் லீவு, தாத்தா பாட்டியின் லீவு அல்ல. அப்போது பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கும், விசா மையங்களில் கூட்டமும் அதிகம். செப்டம்பர் உத்தமம்.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பென்ஷன் ஆவணம், வங்கிக் கணக்கு விவரம், ஓட்டல் பதிவு எல்லாம் கேட்பார்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத எதற்கும் பணம் கட்டாதிருப்பது நல்லது. இன்ஷூரன்ஸும் கட்டாயம், குறைந்தது 30,000 யூரோவுக்கு. சுவிஸ் ஆஸ்பத்திரியில் அந்தத் தொகை நீண்ட நாள் தாங்காது. கூடுதலாக எடுப்பதே புத்திசாலித்தனம். பிரீமியம் ஏறுமே என்று சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் படிவத்தில் மறைக்கிறார்கள் சிலர். மிச்சமாவது சில ஆயிரம், கிளைம் நிராகரிக்கப்பட்டால் போவது பல லட்சம். மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்க வேண்டும். இங்கே விற்கும் பிராண்ட் பெயர் அங்கே மருந்துக்கடைக்காரருக்குப் புரியாது.

தங்குமிடத்தில் லிஃப்ட் இருக்கிறதா, குளியலறையில் உயரமான தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க வேண்டுமா என்ற இரண்டையும் முன்பே கேட்டுவிட வேண்டும். அப்புறம் அந்தச் சமையலறை. ‘அபார்ட்மெண்டில் அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு’ என்று ஏஜெண்ட் சொன்னதும் கணவர் முகம் மலரும். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற மனைவியின் முகத்தையும் அப்போது பார்ப்பது நல்லது. தினமும் இரவு ரசம் அவசியம் என்றால் யார் வைப்பது என்பதைப் புறப்படும் முன்பே பேசிவிடலாம். அரிசியும் தயிரும் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். பருப்புப் பொடி கொண்டு போகலாம். நெய்க்கும் பால் இனிப்புகளுக்கும் அனுமதியில்லை. சான்றிதழ் இல்லாத கறிவேப்பிலைக்கும் இல்லை.

கூரில் தங்கும் நாட்களில் ஒன்று பெர்னினா பாதைக்கு. யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்த ரயில் பாதை, 2,253 மீட்டர் உயரத்தைக் கடந்து இத்தாலியின் திரானோவில் இறங்குகிறது. பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸில் இருக்கைக்கு முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் உள்ளூர் ரயில்களும் ஓடுகின்றன. வழியில் ஒருமுறை மாற வேண்டும், ஆனால் முன்பதிவு கிடையாது. பிடித்த ஸ்டேஷனில் இறங்கி, வேண்டிய மட்டும் உட்கார்ந்துவிட்டு, அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். அநேகமாக ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.