கோசிப் பாலம்: 86 ஆண்டுகளின் கணக்கை யார் எழுதுவது?

பிகாரில், கோசி ஆற்றின் மேற்கே நிர்மலியையும் கிழக்கே சராய்கட்டையும் இணைத்து 1887-இல் மீட்டர்கேஜ் ரயில் பாதை அமைக்கப்பட்டது. 1934-இன் வெள்ளமும் நிலநடுக்கமும் அதை அழித்தன. மாற்று ரயில் பாலம் திறக்கப்பட்டது 2020 செப்டம்பரில். இடைப்பட்ட 86 ஆண்டுகளும், 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்கரையை ரயிலில் அடைய தர்பங்கா, சமஸ்திபூர், ககரியா, சஹர்சா எனச் சுற்றி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. சாலைப் பாலமே 2012-இல்தான் வந்தது. மைதிலி பேசும் ஒரே நிலப்பகுதி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அரசுத் தரப்பு கூறும் காரணம், கோசி தடம் மாறும் ஆறு என்பது. 1934-இல் அது மறுக்க முடியாத உண்மை. ஆனால் 1950களில் இருபுறமும் வெள்ளத்தடுப்புக் கரைகள் எழுப்பப்பட்டன. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் நேபாள எல்லையோரம் கதவணையும் கட்டப்பட்டது. ரயில் பாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 2003-இல். கரைகள் ஆற்றைக் கட்டுப்படுத்தின எனில், அந்த நாற்பதாண்டுத் தாமதத்துக்கு ஆறு பொறுப்பல்ல. கட்டுப்படுத்தவில்லை எனில், அக்கரைகளுக்கு நடுவே ஆண்டுதோறும் வெள்ளத்தில் விடப்பட்ட கிராமங்களுக்கும், 2008-இல் குசகாவில் கரை உடைந்தபோது வீடிழந்தோருக்கும் அரசு பதில் கூறியாக வேண்டும். இரு வாதங்களையும் ஒருசேரக் கைக்கொள்ள இயலாது.

நிதி இல்லை என்பதும் நிற்காது. 1.9 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாலத்துக்கு ஆன செலவு ரூ.516 கோடி. 508 கிலோமீட்டர் மும்பை–அகமதாபாத் அதிவேக ரயில் தடத்துக்குத் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட செலவு ரூ.1.08 லட்சம் கோடி. அத்தடத்தின் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்கான பணத்தில் கோசியைக் கடந்துவிடலாம்.

எஞ்சுவது, போதிய போக்குவரத்து இல்லை என்னும் வாதம். புதிய பாதைகளை வருவாய் வீதத்தால் அளக்கும் முறையின் அடிப்படைப் பிழை இங்கேதான் உள்ளது. பாதை இல்லாத இடத்தில் பயணிகளும் சரக்கும் குறைவாக இருப்பது பாதை இல்லாமையின் விளைவு. அந்த விளைவையே காரணமாக்கிப் பாதையை மறுப்பது வட்டவாதம். பயணிகள் இல்லை என்பதும் உண்மையன்று. சஹர்சாவிலிருந்து அமிர்தசரஸ் சென்ற ஜன்சேவா விரைவு ரயிலின் பொதுப்பெட்டிகளில் நிற்க இடமின்றிப் பஞ்சாபின் வயல்களுக்குச் சென்றவர்கள் யார்? பிகாரின் உழைப்பை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுசேர்க்கத் தண்டவாளம் இருந்தது. அம்மக்கள் பக்கத்து மாவட்டத்தின் சந்தைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் செல்ல இல்லை. ஒரு வட்டாரத்திலிருந்து ஆட்களை வெளியேற்றும் இணைப்பு வேறு, அவ்வட்டாரத்தைத் தனக்குள் பிணைக்கும் இணைப்பு வேறு. முன்னதை மட்டும் அமைத்துவிட்டு அதை வளர்ச்சி என்பது ஏமாற்று.

பாலம் திறக்கப்பட்ட சில வாரங்களில் பிகாரில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அத்தடம் முழுவதும் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2022-இல்.

போக்குவரத்துத் திட்ட மதிப்பீடுகளில் இனி ஒரு பத்தி கட்டாயமாக்கப்பட வேண்டும்: இப்பாதை இல்லாததால் மக்கள் இதுவரை சுற்றிய தொலைவு எவ்வளவு, இழந்த நேரம் எவ்வளவு? கட்டுவதற்கான செலவை மட்டும் எழுதி, கட்டாததன் செலவை எழுதாத கணக்கு பாதிக் கணக்கு. அந்த மறுபாதியை மிதிலை மக்கள் 86 ஆண்டுகளாகத் தம் கையிலிருந்து செலுத்தி வந்தனர்.